மஞ்சள் தண்ணீர்

பத்தாம் வகுப்பு விடைத்தாளில் சுற்றுச்சூழல் பற்றி எதைக் கேட்டாலும் பிள்ளைகள் முடிக்கிற விதம் ஒன்றுதான். ஏரி கெடுவதைத் தடுப்பது எப்படி, காட்டைக் காப்பது எப்படி, குப்பையைக் குறைப்பது எப்படி என்று கேள்வி மாறும். கடைசி வரி மாறாது: மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும். அந்த வரிக்குப் பதினோரு வருஷம் ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படி எழுதச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். 2019 ஜனவரியோடு அதை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்பதை என் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

பொம்மசந்திராவில் ஒரு தனியார் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் இறங்கி, ஹெப்பகோடி தாண்டினால் வருகிற இடம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து இங்கே வரை ஓட ஆரம்பித்த பிறகு ஊர்ப் பெயர் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அதற்கு முன்பு, நாராயண ஹிருதயாலயா ஆஸ்பத்திரி இருக்கிற இடம் என்றால்தான் எங்கள் சொந்தக்காரர்களுக்குப் புரியும். பெயரில் இருக்கிற சந்திரா, நிலா இல்லை. சமுத்திரம் என்பதுதான் மருவி அப்படி ஆனது என்பார்கள். சிங்கசந்திரா, திப்பசந்திரா என்று பெங்களூரைச் சுற்றி இந்த மாதிரி ஊர்கள் நிறைய. ஏரியைச் சமுத்திரம் என்று அழைப்பது நம் பக்கத்திலும் உள்ள வழக்கம்தான். ஏரியின் பெயரால் அமைந்த ஊரில் இப்போது மிஷின் ஷாப், பிளேட்டிங், பவுடர் கோட்டிங், மருந்துக் கம்பெனி என்று வரிசை வரிசையாக ஷெட்டுகள். அவற்றின் பின்னால் லைன் வீடுகள். திருவண்ணாமலை, தர்மபுரி, சித்தூர், ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்குப் பிறந்த ஊர் ஓசூருக்கு அந்தப் பக்கம். கெலவரப்பள்ளி அணையின் கால்வாய்த் தண்ணீரில் அப்பா கொத்தமல்லியும் தக்காளியும் போடுவார். பெங்களூரில் மழை பெய்தால் எங்கள் அணையில் நுரை வரும். மதகு திறந்ததும் வெள்ளை வெள்ளையாய்ப் பொங்கி, காற்றில் பிய்ந்து, ரோட்டில் வந்து விழும். டி.வி.க்காரர்கள் வந்து படம் எடுப்பார்கள். நகரத்துச் சாக்கடையில் கலந்த சோப்புத்தூளும் சலவைத் திரவமும் தென்பெண்ணையில் இறங்கி, மதகில் விழுகிற வேகத்தில் காற்றோடு கலந்து நுரைக்கிறது. அப்பாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. மடை மாற்றிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே சொறிவார். “அரிக்குது கண்ணு, தேங்காயெண்ணெய் எடு” என்பார். அவர் காலைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கோபம் வளர்ந்திருந்தது. மேலே இருக்கிறவர்கள் கழிக்கிறார்கள், கீழே இருக்கிற நாங்கள் அனுபவிக்கிறோம். கல்யாணமாகி அந்த ‘மேலே’ போய்க் குடியிருக்க வேண்டி வந்தபோதும் கோபம் தணியவில்லை. அதை மனசில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போனேன்.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991 நவம்பரில். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கு அது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் ஒழுங்காக நடக்கவில்லை என்று அவர் மறுபடி போய் நின்றார். 2003 டிசம்பரில், எல்லா வகுப்புகளுக்கும் மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்கும்படி என்.சி.இ.ஆர்.டி.க்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. பி.எட். படித்தபோது இதைத் தேர்வுக்காகப் படித்தேன். ஆசிரியையான பிறகு அது எனக்குக் கிடைத்த அதிகாரம் போலவே தோன்றியது. எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம் இயற்கை வளங்களின் மேலாண்மை. கங்கையில் கோலிஃபார்ம் பாக்டீரியா எவ்வளவு, கேஜ்ரி மரங்களுக்காக உயிர்விட்ட அம்ரிதா தேவி பிஷ்னோய், கட்வாலில் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்கள், எல்லாம் அதில் உண்டு. பல பள்ளிகளில் கடைசிப் பாடத்தை இரண்டு பீரியடில் முடித்துவிட்டு ரிவிஷனுக்குப் போய்விடுவார்கள். நான் அதை நவம்பரிலேயே எடுத்துவிடுவேன். அந்தப் பாடத்தில் ஒரு செயல்பாடு இருக்கிறது. வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரின் பி.எச். எவ்வளவு, பக்கத்து நீர்நிலையில் எவ்வளவு என்று சோதித்துப் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் அதைச் செய்யச் சொன்னேன். டிசம்பரில் அறிவியல் கண்காட்சி.

பெரும்பாலான பிள்ளைகள் பைப் தண்ணீர், போர்வெல் தண்ணீர், கேன் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு பையன் மட்டும், அதிகம் பேசாதவன், பின்வரிசைக்காரன், ஒரு தண்ணீர் பாட்டிலை செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தான். அவன் வீட்டுச் சந்துக்குப் பின்னால் ராஜகாலுவெ, அதாவது மழைநீர்க் கால்வாய், போகிறது. மழை பெய்த மறுநாள் அங்கே எடுத்தானாம். பேப்பரைப் பிரித்ததும் வகுப்பு கப்சிப் ஆகிவிட்டது. உள்ளே இருந்தது மஞ்சள் தண்ணீர். ஆரத்திக்குச் சுண்ணாம்பு கலப்பதற்கு முந்திய மஞ்சள் நிறம், அடியில் வண்டலே இல்லை, கண்ணாடி மாதிரித் தெளிவு. யுனிவர்சல் இண்டிகேட்டர் தாளை நனைத்தான். ஆரஞ்சும் சிவப்புமாக ஏறியது. வண்ண அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்த்து, “மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மிஸ்” என்றான்.

அந்த நிறத்தைப் பார்த்ததுமே எனக்கு என்னவென்று பிடிபட்டிருக்க வேண்டும். வேதியியல் படித்தவள் நான். குரோமியத்தின் ஆறாம் நிலை அந்த நிறத்தில் இருக்கும், தோலை அரிக்கும், புற்றுநோய் வரவழைக்கும் என்று தெரியும். பதினைந்து வயதுப் பையன் வெறுங்கையால் அதைக் கொண்டுவந்திருக்கிறான். கையைக் கழுவச் சொன்னேனா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். சொன்னதாக ஞாபகமில்லை. எனக்கு அப்போது அப்பாவின் கால்தான் கண்ணில் நின்றது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற எண்ணம்.

மற்றவர்கள் போன பிறகு அவன் மேஜையருகே வந்து நின்றான். “மிஸ், அது எங்கப்பா வேலை செய்யற கம்பெனி பின்பக்கம்.”

“அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. எங்கேர்ந்து வருதுன்னு உனக்குத் தெரியும்.”

“சார்ட்டுல பேர் போடணுமா மிஸ்?”

“உண்மையைச் சொல்றதுக்குப் பயப்படக் கூடாது” என்றேன்.

அவன் கையெழுத்து சின்னது, தூரத்திலிருந்து தெரியாது. தடித்த மார்க்கரால் அந்தக் கம்பெனியின் பெயரை எழுதியது என் கை. கீழே ‘செய்தவர்’ என்ற இடத்தில் அவன் பெயர், வகுப்பு, பிரிவு. என் பெயர் அதில் எங்கும் இல்லை.

கண்காட்சிக்குப் பெற்றோரும் சுற்றுவட்டாரத்துப் பிரமுகர்களும் வந்தார்கள். தொழிற்பேட்டையில் கம்பெனி வைத்திருப்பவர்கள் பலருக்கும் அழைப்பு போவது வழக்கம். பையன் நன்றாகச் சொன்னான். நான் சொல்லிக்கொடுத்தபடியே, “தொழிலாளர்களிடமும் மக்களிடமும் விழிப்புணர்வு இல்லாததே இதற்குக் காரணம்” என்று முடித்தான். ஒருவர் சார்ட்டின் முன் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டார். ஆர்வமாகப் பார்க்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். அவனுக்கு இரண்டாம் பரிசு.

அடுத்த வாரம் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் சார்ட்டில் எந்த நிறுவனத்தின் பெயரும் வரக் கூடாது என்றது. ஐந்து நிமிஷப் பேச்சு. அந்த மாசமும் ஐந்தாம் தேதி எனக்குச் சம்பளம் வந்துவிட்டது. பையன் மாலை ஸ்பெஷல் கிளாஸுக்கு வருவது நின்றுபோனதைக் கவனிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. “எங்கேடா அவன்?” என்று கேட்டதற்கு இன்னொரு பிள்ளை சொன்னாள்: “பேக்கரில நிக்கறான் மிஸ், அஞ்சுலேர்ந்து பத்து. அவங்கப்பாவ வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க.”

ஒன்பது வருஷமாக அவர் அங்கே காண்ட்ராக்ட் லேபர். எடுக்கிறோம் என்று யாரும் காகிதம் கொடுக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் போனில் சொன்னார், அவ்வளவுதான். பட்டியலில் பெயரே இல்லாதவரை நீக்குவதற்கு ஒரு கையெழுத்துகூட வேண்டியதில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஷீட் போட்ட ஒரே அறை. அவன் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டு ஸ்டவ் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இருந்த ஒரு மணி நேரமும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது சரிதான். அவன் அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களை ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வுடுங்க டீச்சரம்மா. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க.”

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். விரல் மூட்டுகளிலும் நகக்கண் ஓரத்திலும் வட்ட வட்டமாய்க் குழிகள், ஆணி வைத்துக் குத்தினாற்போல. மிளகு போகும் அளவு. சிலது ஆறி வெளுத்திருந்தது, ஒன்றிரண்டு இன்னும் ஈரம். “குரோம் டாங்குல வேலை செஞ்சா எல்லாருக்கும் இப்படித்தாம்மா. கிளவுஸ் கிழிஞ்சா மாத்தித்தர ஒரு மாசம் ஆவும்.” மூக்கைத் தொட்டுக் காட்டினார். நடுத்தண்டில் ஓட்டை விழுந்திருக்கிறது, அடிக்கடி ரத்தம் வரும், மூச்சு இழுத்தால் விசில் அடிக்கும் என்றார். குரோம் புகையில் வேலை செய்கிறவர்களுக்கு மூக்குத்தண்டு துளைபடும் என்று எங்கோ ஒரு வரி படித்திருந்தேன். அந்த வரி என் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தது.

நான் கேட்காமலே அவர் சொல்ல ஆரம்பித்தார். பாகங்களை டாங்கில் முக்கி எடுத்து அலசுகிற தண்ணீர்தான் மஞ்சளாக வரும். அதை அப்படியே வெளியே விடக் கூடாது. தனித் தொட்டியில் பிடித்து, ஆசிட் போட்டு, மெட்டா பைசல்ஃபைட் பவுடரை மக்கால் அள்ளிப் போட்டுக் கலக்க வேண்டும். மஞ்சள் மெல்ல மெல்லப் பச்சையாகும். முழுசாகப் பச்சை வந்தால் விஷம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினால் பச்சைச் சேறு அடியில் படியும். தெளிந்த தண்ணீர் தனி. சேற்றை மூட்டை கட்டி ஆபத்துக் கழிவாக லாரியில் அனுப்ப வேண்டும். “பச்சை வர்ற வரைக்கும் நின்னு பாக்கணும்மா. அவசரப்பட்டா நடுவுல மஞ்சள் இருக்கும். நான் பாத்துட்டுதான் அனுப்புவேன். பவுடர் தீந்துபோச்சுன்னா, ஆர்டர் அவசரம்னா, மழை வந்தா தொறந்துவுடச் சொல்லுவாங்க. மழைல யாருக்குத் தெரியும்?”

பி.எஸ்சி. லேபில் டைகுரோமேட் தாள் பச்சையாக மாறினால் சல்பர் டை ஆக்சைடு என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷனில் எத்தனையோ தடவை அதைச் சொல்லியிருக்கிறேன். அதே வினையை இந்த மனிதர் ஒன்பது வருஷம், ஒவ்வொரு ஷிஃப்டிலும், கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று அவர் பையன் வாயாலேயே சொல்ல வைத்தவள் நான்.

“என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே டீச்சரம்மா. பேர் இல்லாம.”

கிளம்பும்போது எனக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டார். கெலவரப்பள்ளிப் பக்கம் என்றேன். நுரை, அப்பாவின் கால், எல்லாம் சொன்னேன். ஏன் அவ்வளவு வேகப்பட்டேன் என்று அவருக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தேன் போல. அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “உங்க டேமுக்கு அப்புறம் கிருஷ்ணகிரி டேம். அதுக்கப்புறம் எங்க சாத்தனூர் டேம். எங்க கழனிக்கும் அதே தண்ணிதாம்மா” என்றார்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணைக்குப் பக்கத்து ஊர்க்காரர் அவர். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்கோரமாக வந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று இறங்கிக் கடலூரில் கடலுக்குப் போகிறது. அந்த வரைபடத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். நான் ‘மேலே’ இருக்கிறவராக நினைத்த மனிதர் எனக்கும் கீழே இருந்தவர். கழனியில் தண்ணீர் இல்லாமல் மேலே வந்தவர். அரிக்கிற தண்ணீரை முதலில் தொட்டதும் அவர் கை, கடைசியாகப் பாய்வதும் அவர் நிலத்தில்.

அறிவியல் ஆசிரியையாக இன்னொரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். அந்த மஞ்சளுக்கும் எங்கள் அணை நுரைக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. நுரை வீட்டுச் சாக்கடையிலிருந்து வருவது. பெங்களூரில் துணி துவைக்கிற, பாத்திரம் கழுவுகிற அத்தனை வீட்டுக்கும் அதில் பங்குண்டு, என் வீட்டு வாஷிங் மெஷினுக்கும் சேர்த்து. பெள்ளந்தூர் ஏரியில் நுரை தீப்பிடித்து எரிந்த செய்தியை வகுப்பில் காட்டியபோதெல்லாம் நான் கம்பெனிகளைத்தான் கை காட்டினேன். கோபத்தில் இரண்டு வேறு விஷங்களை ஒன்றாக்கி, கைக்கு எட்டிய ஒரு பெயரின் மேல் ஏற்றிவிட்டேன். அந்தக் கம்பெனி செய்தது தப்பு, அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தப்பை வெளியே கொண்டுவரும் செலவு என்னிடமிருந்து போகவில்லை. அவர்கள் வீட்டு அரிசிப் பானையிலிருந்து போனது.

பணம் கொடுக்கப் பார்த்தேன். வாங்க மறுத்தார். “அவனுக்குக் கணக்கு வரல, அதச் சொல்லிக்குடுங்க” என்றார். பேக்கரி முடிந்து பத்தேகால் மணிக்கு அவன் வருவான். என் வீட்டு ஹாலில் பதினொன்றரை வரை உட்காருவோம். கொட்டாவி விட்டபடியே முக்கோணவியல் போட்டான். அவன் உடம்பில் பன்னும் வெண்ணெயும் கலந்த வாசம் அடிக்கும். ஒருநாள்கூட அந்தச் சார்ட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஏப்ரலில் அவன் அப்பாவுக்கு ஜிகனிப் பக்கம் வேறொரு இடத்தில் வேலை கிடைத்தது, முன்பைவிடக் குறைந்த கூலிக்கு. பையன் பாஸ் செய்தான். எடுத்திருக்க வேண்டிய மார்க் இல்லை.

அந்தக் கோடை விடுமுறையில் நிறையப் படித்தேன். ஏற்கனவே தெரிந்த கதைகளே வேறு மாதிரி தெரிந்தன. போபால் என்றால் 1984 டிசம்பர் என்றுதான் பாடத்தில் வரும். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1981 டிசம்பரில், அதே ஆலையில் போஸ்ஜீன் கசிந்து ஒரு தொழிலாளி செத்தார். ஆபத்து என்று ஊருக்குச் சுவரொட்டி ஒட்டியவர்கள் தொழிற்சங்கத்துக்காரர்கள். கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டதைப் பாதரசக் கழிவு, சோலைக்காடு என்றுதான் சொல்லித் தந்திருந்தேன். கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்ததைக் கண்டுபிடித்த சுற்றுச்சூழல்காரர்களோடு அங்கே வேலை பார்த்தவர்களும் சேர்ந்து நின்றார்கள். 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வர, அவர்கள் பதினைந்து வருஷம் விடாமல் நடையாய் நடந்தார்கள். காட்டை அறிந்தவர்கள் கட்வால் பெண்கள் என்று புத்தகம் சொன்னது. ஆலையை அறிந்தவர்கள் யார் என்று அந்தப் பாடத்தில் எங்கும் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ராஜகாலுவெயில் எடுத்த தண்ணீர் பற்றி என் பெயரில், என் வீட்டு முகவரி போட்டு ஒரு புகார் அனுப்பினேன். எந்த இடத்தில், மழை பெய்த எந்தத் தேதிகளில், என்ன பி.எச். என்று மட்டும் எழுதினேன். அதை டிசம்பரிலேயே, சார்ட்டுக்குப் பதிலாகச் செய்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் எங்கள் வட்டாரத்தில் பெரிய செய்திகள் வந்தன. பக்கத்துச் சந்தாபுரா ஏரியின் நிலைமையைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, 2022 அக்டோபரில் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு ஒதுக்க வேண்டும் என்றது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அந்தத் தொகையைப் பேசினார்கள். நான் அந்தக் கைக் குழிகளை நினைத்துக்கொண்டேன். அவற்றுக்கு எந்த உத்தரவிலும் எண் கிடையாது. 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி அந்தக் கடைசிப் பாடத்தையே புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. பி.எச். தாளை நனைக்கச் சொன்ன செயல்பாடும் அதோடு போயிற்று. குறையுள்ள பாடம்தான். இருந்தாலும் அது இல்லாத புத்தகத்தைப் புரட்டியபோது வயிறு எரிந்தது. தேர்வுக்கு வராது என்று தெரிந்தும் நவம்பரில் நான்கு பீரியடை அதற்கென்று வைத்திருக்கிறேன்.

முதல் பீரியடில் புத்தகம் கிடையாது. ஒரு வெள்ளைத்தாள் கொடுப்பேன். பெயர் எழுதக் கூடாது. ‘உங்கள் வீட்டில் வேலைக்குப் போய் வருகிறவர்கள், வந்ததும் முதலில் எதைக் கழுவுகிறார்கள்?’ இது ஒன்றுதான் கேள்வி. எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். கண், ஏனென்றால் பஃபிங் தூசி. தலைமுடி, ஏனென்றால் மாத்திரைக் கம்பெனியின் கசப்பு வாசனையோடு தங்கச்சியைத் தூக்க அப்பாவுக்குப் பிடிக்காது. அம்மா கழுவ மாட்டாங்க, அப்படியே படுத்துக்குவாங்க. ஒரு தெலுங்குப் பிள்ளை எழுதினாள்: அப்பா கையைக் கழுவின தண்ணியைச் செடிக்கு ஊத்தக் கூடாதுன்னு பாட்டி சொல்லும். இந்தத் தாள்களை வகுப்பில் படித்துவிட்டு அன்றே கிழித்துவிடுவேன். தண்ணீர் எடுப்பது ஏரிக் கரையில் மட்டும், கையுறை போட்டு, நான் கூட நின்று. பல கால்வாய்கள் வந்து கலக்கிற இடமாகப் பார்த்து எடுப்போம். சார்ட்டில் ‘செய்தவர்’ என்ற இடத்தில் என் பெயர் இருக்கும்.

இரண்டாவது பீரியடுக்கு அவன் அப்பாவை வகுப்புக்கு அழைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். 2022இல் பையனுக்குப் போன் செய்து கேட்டேன். வரமாட்டார் என்றான். பொம்மசந்திராவில் அவர் முகம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஜிகனி ரொம்ப தூரம் இல்லை. நான் மறுபடி கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஆறரை நிமிஷ வாய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, கம்பெனி இல்லை. மஞ்சள் தண்ணீரை எப்படிப் பச்சையாக்குவது என்று அவர் குரலில் முதலிலிருந்து சொல்லியிருந்தார். நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. ஒரு இடத்தில் அவர் தயங்கும்போது, பின்னாலிருந்து பையன் மெதுவாக, “சுண்ணாம்புப்பா” என்கிறான். “ஆங், சுண்ணாம்பு” என்று தொடர்கிறார். கடைசியில், “பச்சை வர்ற வரைக்கும் நின்னு பாக்கணும். அவ்ளோதாம்மா.”

ஒவ்வொரு நவம்பரிலும் அதைப் போட்டுக் காட்டுகிறேன். தமிழ் தெரியாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கன்னடத்திலும் இந்தியிலும் சொல்லித் தருவார்கள். போன வருஷம் ஒரு பெண், முன்வரிசை, கேட்டு முடித்ததும் கையைத் தூக்கினாள்.

“மிஸ், அவர் கை இப்ப ஆறிடுச்சா?”

நான் அதைக் கேட்டதே இல்லை. கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், புகார் எழுதினேன், வாய்ஸ் மெசேஜை வருஷா வருஷம் போட்டுக் காட்டினேன். இதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதே போன் செய்தேன். அவரே எடுத்தார். இரைச்சலில் முதலில் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

“வலது கை ஆறிடுச்சும்மா. இடது கைல ரெண்டு இருக்கு” என்றார். “யார் கேட்டது?”